கத்தரிக்காய் புளிக்குழம்பு: குழம்பு சுண்டிவிடுகிறது, காய் மட்டும் வேக மாட்டேன் என்கிறது

தனிச்சமையல்:
எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்பு வைக்கும்போதெல்லாம் இதே தொல்லை. குழம்பு நன்றாகக் கொதித்துக் கெட்டியாகிவிடும், காயைக் கடித்தால் தோல் சவ்வு மாதிரி இழுக்கும், காம்புப் பக்கம் நறுக்கென்று இருக்கும். தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்கவிட்டால் காய் ஓரளவு வேகிறது, ஆனால் குழம்பு ருசியே போய்விடுகிறது. மேலே எண்ணெயும் மிதப்பதில்லை.

என் செய்முறை: கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்குவேன். புளிக்கரைசல் ஊற்றி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், உப்பு போடுவேன். கொதி வந்ததும் நாலாகக் கீறிய கத்தரிக்காயைப் போட்டு மூடிவிடுவேன். கால் கிலோ காய்க்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி. எண்ணெய் 2 ஸ்பூன். எங்கே சறுக்குகிறது?

மண்சட்டி:
காயைப் போடுகிற இடத்தில்தான் தம்பி. புளித்தண்ணீரில் பச்சைக் காயைப் போட்டால் அது லேசில் வேகாது. காயின் செல்சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கிற பெக்டின் வெறும் தண்ணீரில் கொதிக்கும்போது கரைந்து இளகும், புளிப்பில் கரைய அடம்பிடிக்கும். கத்தரிக்காய் மட்டும் இல்லை, உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால்தான் புளிக்குழம்புக்குக் கிழங்கைத் தனியாக வேகவைத்துச் சேர்ப்பது.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் காயை நல்லெண்ணெயில் வதக்கிவிடுங்கள். அடுப்பு மிதமாக இருக்கட்டும். தோலின் பளபளப்பு போய், நிறம் மங்கி, சுருங்க ஆரம்பிக்கும். கரண்டியால் அமுக்கினால் உள்ளே அமுங்க வேண்டும். முக்கால் பதம் வந்ததும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அதே எண்ணெயில் தாளிப்பைத் தொடங்குங்கள். குழம்பு கொதித்துப் பச்சை வாடை போன பிறகு காயைப் போட்டால் போதும். மீதிக் கால் பதத்தைக் குழம்பே பார்த்துக்கொள்ளும்.

குழம்புப்பிரியன்:
மண்சட்டி அக்கா சொன்னது சரி. எண்ணெய் ஏன் மிதக்கவில்லை என்பதற்கு நான் சொல்கிறேன்: 2 ஸ்பூன் ஊற்றினால் மிதக்க என்ன இருக்கிறது? கத்தரிக்காயின் சதை பஞ்சு போல, ஊற்றியதை எல்லாம் குடித்துவிடும். வெந்து சுருங்கும்போதுதான் கொஞ்சம் திரும்ப விடும். கால் கிலோவுக்கு நல்லெண்ணெய் ஒரு சின்னக் குழிக்கரண்டியாவது வேண்டும். பேரிலேயே எண்ணெய் இருக்கிறது, பார்த்துப் பார்த்து ஊற்றினால் அது வேறு குழம்பு.

இன்னொன்று, பொடியைப் புளித்தண்ணீரில் கொட்டாதீர்கள். தக்காளி குழைந்ததும் அடுப்பைக் குறைத்து, பொடிகளை எண்ணெயிலேயே அரை நிமிடம் பிரட்டிவிட்டு உடனே புளியை ஊற்றுங்கள். நிறமும் வாசமும் எண்ணெயில் இறங்கும். அதற்கு மேல் விட்டால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும்.

நீர்க்குமிழி:
நான் கொஞ்சம் வேறு மாதிரி. அவ்வளவு எண்ணெய் எங்கள் வீட்டில் ஆகாது. வெங்காயம், தக்காளி வதங்கியதும் காயைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, பொடியும் உப்பும் சேர்த்து, காய் மூழ்காத அளவு வெறும் தண்ணீர் ஊற்றி மூடி வேகவிடுவேன். காய் வெந்த பிறகுதான் புளி. காய் பஞ்சாக வேகும். என்ன, எண்ணெய்க் கத்தரிக்காயின் அந்த வாசம் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? உப்புத்தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தாலும் காயும் பருப்பும் வேக நேரமாகும். குழம்புக்குக் குடிக்கிற தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

மண்சட்டி:
புளி அளவும் அதிகம் என்று படுகிறது. கால் கிலோ காய்க்குச் சின்ன எலுமிச்சை அளவு தாராளம். பழைய புளியா, புதுப் புளியா? கருத்த பழைய புளி என்றால் குழம்பு நிறமும் கருக்கும். எதுவானாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கரைத்து, வடிகட்டுங்கள். முதல் கரைசலில் பாதியை ஊற்றி, கொதித்ததும் ருசி பார்த்து மீதியைச் சேர்க்கலாம். கூடிவிட்டால் குறைப்பதுதான் கஷ்டம்.

தனிச்சமையல்:
நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. போர் தண்ணீர்தான். இன்று கேன் தண்ணீர் ஊற்றி, காயை முன்னாடியே வதக்கிப் போட்டேன். காம்பு வரைக்கும் வெந்துவிட்டது, ஓரத்தில் எண்ணெயும் பிரிந்து நின்றது! ஆனால் கடைசியில் லேசாக ஒரு கசப்பு. பொடி கருகவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உப்பும் கொஞ்சம் தூக்கல்.

குழம்புப்பிரியன்:
வெந்தயமாக இருக்கும். கடுகு வெடிக்கும் முன்பே வெந்தயத்தைப் போட்டீர்களா? கடுகு வெடித்து அடங்கியதும் போட்டு, பொன்னிறம் வந்த கணமே வெங்காயத்தைக் கொட்டிவிட வேண்டும். சிவந்து கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். விதை முற்றிய காயாலும் கசக்கும், நறுக்கும்போது உள்ளே விதை பழுப்பாக இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மண்சட்டி:
உப்பு தூக்கலுக்குக் காரணம் சுண்டுவதுதான். ஆரம்பத்தில் சரியாக இருக்கிற உப்பு, குழம்பு பாதியாகும்போது கூடித்தான் தெரியும். முக்கால் உப்பு போட்டுவிட்டு இறக்கும் முன் சரிபாருங்கள். இன்றைய குழம்புக்கு இரண்டு ஸ்பூன் தேங்காய் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள், உப்பும் கசப்பும் அமுங்கும். சுண்டைக்காய் அளவு வெல்லமும் போடலாம்.

குழம்புப்பிரியன்:
புளிக்குழம்பில் வெல்லமா? அக்கா, இதற்கு மட்டும் நான் வர மாட்டேன்.

நீர்க்குமிழி:
தேங்காய் ஊற்றினால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், வெளியில் வைத்தால் சீக்கிரம் கெடும். ஊற்றாத குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். அலுமினியச் சட்டியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ மாற்றிவிடுங்கள்.