தடுப்பூசி போட்ட தொடையில் கட்டி: விவரம் தெரிந்த அக்காமார் சொல்லுங்கள்

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பிள்ளைக்கு மூன்றரை மாத ஊசி, அதாவது ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் மூன்றாவது தவணை போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தது, செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுத்து மறுநாள் இறங்கிவிட்டது, ஆனால் இடது தொடையில் ஊசி போட்ட இடத்தில் கெட்டியாக ஒரு கட்டி இன்னும் நிற்கிறது. சிவப்போ சூடோ இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான். சில வாரத்தில் தானாகக் கரையும், தேய்க்கக் கூடாது என்கிறார் செவிலியர். ஆச்சியோ எண்ணெய் போட்டு உருவிவிடணும், இனி ஊசியே வேண்டாம் என்கிறார். பேரன்மேல் உள்ள பாசம்தான், கோபப்பட மனசு வரவில்லை. அதற்காக 9 மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை நான் விடமாட்டேன்.

உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டி கரைய எவ்வளவு நாள் ஆச்சு? தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்கிறார்களே, உங்களுக்கு எப்படி இருந்தது? வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டாலோ உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் என்று தெரியும், வேறு எதைக் கவனிக்கணும்? அப்புறம், வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைத்தவர்கள் என்ன சொல்லிப் புரியவைத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.