15 அங்குலப் பழைய பாக்ஸ்களுக்கு 1000 வாட் வூஃபர் போடலாமா?

காவிரிக்கரை சவுண்ட், கும்பகோணம்:

அனைவருக்கும் வணக்கம். அப்பா காலத்தில் தச்சரிடம் சொல்லிச் செய்த 4 ஸ்பீக்கர் பாக்ஸ்கள் என்னிடம் இருக்கின்றன. 18 மி.மீ. பிளைவுட். ஒவ்வொன்றிலும் பாஸுக்கு 15 அங்குல வூஃபர் ஒன்று, மேலே ஹார்னில் ஹை ஒலிக்கு 1 அங்குலக் கம்ப்ரஷன் டிரைவர் ஒன்று. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் இவைதான் போகின்றன. மூன்று குறைகள். நாதஸ்வரம் தொடங்கினால் முன்வரிசையில் காதைக் கிழிக்கிறது. பந்தலின் ஓரத்தில் இருப்பவர்களுக்கோ மந்திரம்கூடத் தெளிவாகக் கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் பாஸ் சோர்ந்துபோகிறது. கடையில் 1000 வாட் வூஃபரும் பெரிய டைட்டானியம் டிரைவரும் மாற்றச் சொல்கிறார்கள். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. நானே மாற்றிக்கொள்வேன். போடலாமா?

பாஸ்பிரியன்:

தாராளமாகப் போடுங்கள் அண்ணா. நான் போட்டேன், சத்தம் ஆளையே தூக்குகிறது.

பழைய பட்டறை, திருச்சி:

ஆளைத் தூக்குவது இருக்கட்டும். அந்த 1000 எந்த வாட் என்று கடையில் கேட்டீர்களா தம்பி? காந்தத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் பீக் வாட், அதாவது ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்சம். தொடர்ந்து தாங்குவது அதில் கால் பங்கு, 250. உங்கள் பழைய வூஃபரே அதைத் தாங்கும்.

வாட்டை விடுங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்று பாருங்கள். பழையது 97, புதியது 94 என்றால், பவரை இரு மடங்காக்கிய பிறகுதான் பழைய சத்தமே திரும்பக் கிடைக்கும். புது ஆம்ப்ளிஃபயருக்கும் (ஆம்ப்) ஜெனரேட்டர் டீசலுக்கும் கடைக்காரர் பணம் தரப்போவதில்லை.

பெட்டியையும் யோசியுங்கள். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டிக்குள் எந்த வூஃபரையும் திணித்துவிட முடியாது. ஜேபிஎல் 2226எச் என்ற பெயர்போன 15 அங்குல வூஃபரின் அளவுத்தாளைப் பாருங்கள்: ஒத்ததிர்வு 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (கோனின் அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற எண்) 0.31, விஏஎஸ் (கோனின் தொங்கலுக்கு நிகரான இறுக்கம் உள்ள காற்றின் அளவு) 175 லிட்டர். இந்த மூன்று எண்களைக் கொண்டுதான் பெட்டியின் கொள்ளளவையும் போர்ட்டின் நீளத்தையும் கணக்கிட வேண்டும். வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அளவுத்தாளே இல்லாத வூஃபரை என் பட்டறைக்குள் நான் அனுமதிப்பதில்லை.

பந்தல் ஓரத்துச் சிக்கலுக்கு வருகிறேன். 2000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 17 செ.மீ. உங்கள் கோனின் குறுக்களவு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவு உயரம் வரை வூஃபரைப் பாட வைத்தால் ஒலி நேர் எதிரே மட்டும் குவியும், பக்கத்தில் இருப்பவருக்கு மெய்யெழுத்துகளே போய்ச் சேராது. 1000 வாட் வூஃபருக்கும் கோன் அதே அளவுதான். ஆகவே வூஃபரைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரை எடுத்து வூஃபரையும் டிரைவரையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒலியை வூஃபருக்கும் டிரைவருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் என்ன இருக்கிறது, ஆம்ப்பிலிருந்து என்ன ஒயர் போகிறது என்பதும் வேண்டும்.

காவிரிக்கரை சவுண்ட்:

அளந்துவிட்டேன் ஐயா. வூஃபர் நான்கும் 5.6 ஓம். டிரைவரில் மூன்று 5.9, ஒன்று எதுவும் காட்டவில்லை. கிராஸ்ஓவர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை: டிரைவருக்கு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று, வூஃபருக்கு ஒரு சுருள். ஒரு சேனலுக்கு இரண்டு பாக்ஸ். ஒயர் 1 சதுர மி.மீ., 30 மீட்டர். கடையில் காட்டிய பெரிய டிரைவர் 16 ஓம்.

பழைய பட்டறை:

மல்டிமீட்டரில் 5.6, 5.9 என்று காட்டினால் அவை 8 ஓம் வகை. அந்த 16 ஓம் டிரைவரை மாட்டினால் முதல் முகூர்த்தத்திலேயே போய்விடும். 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 8 ஓம் டிரைவரோடு சேர்ந்தால் 2000 ஹெர்ட்ஸில் பிரிக்கும். அதே கண்டென்சர் 16 ஓமுக்கு 1000 ஹெர்ட்ஸ் வரை திறந்துவிடும். ஒற்றைக் கண்டென்சரின் சரிவு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல்தான். தவிலின் அடியெல்லாம் டிரைவருக்குள் அதிரும் மெல்லிய டயாஃபிரத்தின் மேல் விழும்.

எதுவும் காட்டாத டிரைவரில் டயாஃபிரத்தோடு ஒட்டிய காயில் (கம்பிச்சுருள்) அறுந்திருக்கிறது. டயாஃபிரம் மட்டும் மாற்றுங்கள். நான்கு பாக்ஸில் ஒன்றில் ஹார்னே பாடவில்லை என்றால், நீங்கள் அதை ஈடுகட்ட மிக்சரில் ஹையைக் கூட்டியிருப்பீர்கள். முன்வரிசையின் காது கிழிவதில் பாதி அதுதான்.

பிறகு ஒயர். இரண்டு பாக்ஸ் இணையாகச் சேர்ந்து 4 ஓம். போக வர 60 மீட்டர் செம்பு, 1 சதுர மி.மீ. என்றால் 1 ஓமுக்குக் கொஞ்சம் மேல். ஸ்பீக்கரைச் சேர வேண்டிய பவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படியே குறைந்துவிடுகிறது, சுமார் 2 டெசிபல். ஆம்ப்பை மேடைக்கு அருகில் நகர்த்தி 10 மீட்டரில் முடித்தால் ஒரு ரூபாய் செலவில்லை. முடியாவிட்டால் 4 சதுர மி.மீ. வாங்குங்கள்.

பாஸ் சோர்வது வூஃபர் காயிலின் சூடு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் ஏறும். 200 டிகிரி கூடினால் மின்தடை முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். ஆம்ப் அதே வோல்ட்டைத் தள்ளினாலும் சத்தம் வராது. போர்ட்டின் ஒத்ததிர்வுக்குக் கீழே போகும் பாஸ் கோனை வீணாக ஆட்டிக் காயிலைச் சுடவைக்கும், காதுக்கு ஒன்றும் தராது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

மிச்சப் பணத்தில் ஒரு டிஎஸ்பி (டிஜிட்டல்) கிராஸ்ஓவரும் ஹார்னுக்குத் தனியாக ஒரு சிறிய ஆம்ப்பும் வாங்குங்கள். 1600 ஹெர்ட்ஸ், 24 டெசிபல் சரிவில் தொடங்கலாம்; அதற்கு முன் டிரைவரின் அளவுத்தாள் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸின் பின்னால் நான்கு முனை ஸ்பீக்கான் சாக்கெட் போட்டு, ஒரு ஜோடி வூஃபருக்கு, ஒரு ஜோடி டிரைவருக்கு. பழைய சுருளும் 10 மைக்ரோஃபாரட்டும் வெளியே வந்துவிடும். ஆனால் டிரைவரை ஆம்ப்போடு நேராக இணைக்க வேண்டாம், 47 மைக்ரோஃபாரட் பாலிபுரொப்பிலீன் கண்டென்சரைத் தொடரில் வையுங்கள். ஆம்ப்பைப் போடும்போது வரும் அடியும் டிசியும் (நேர்மின்னோட்டம்) அதோடு நின்றுவிடும்.

ஊசிமுனை, சேலம்:

டயாஃபிரம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நகல்கள் சந்தையில் ஏராளம். காயில் விட்டம் பொருந்தினாலும் டோமின் (டயாஃபிரத்தின் குவிந்த பகுதி) எடையும் வடிவமும் வேறாக இருக்கும், 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சட்டென விழும். தயாரிப்பாளரின் சொந்த உதிரியே கிடைக்கவில்லை என்றால் நான்கையும் ஒரே வகையில் மாற்றுங்கள், மூன்று பழையதோடு ஒரு நகல் வேண்டாம். திறந்ததும் காந்த இடைவெளியில் கரித்தூள் இருக்கும். காற்றால் ஊதாதீர்கள், ஒட்டுநாடாவை மடித்து உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் தள்ளியே வையுங்கள். மூடியபின் 1000 ஹெர்ட்ஸிலிருந்து மேல்நோக்கி மெல்லிய ஸ்வீப் ஒலி கொடுத்துக் கேளுங்கள். கரகரத்தால் காயில் உரசுகிறது, திருகுகளைத் தளர்த்தி மறுபடி மையப்படுத்துங்கள்.

காவிரிக்கரை சவுண்ட்:

நன்றி ஐயா. வூஃபர் வாங்கவில்லை என்று கடையில் சொல்லிவிட்டேன். ஒயரை மாற்றி இணைக்கும்போது பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பட்டறை:

9 வோல்ட் பேட்டரியை வூஃபரின் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். நான்கு கோனும் ஒரே பக்கம் நகர வேண்டும். பழைய ஜேபிஎல் வூஃபர்களில் சிவப்பு முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், அது பழுது அல்ல. டிரைவருக்குப் பேட்டரி காட்டாதீர்கள். அதற்கு டிஎஸ்பியில் போலாரிட்டி பட்டனை மாற்றி மாற்றிப் போட்டு, 1600 ஹெர்ட்ஸ் பக்கத்தில் எந்த நிலையில் ஒலி நிறைவாக வருகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.