லினெட் யியாடம்-போவாச்சேயின் ஆட்கள்

ஓவியர்களை நேரில் சந்தித்த அனுபவங்களைப் பலரும் இங்கே எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டிஷ் ஓவியர் லினெட் யியாடம்-போவாச்சேயை நான் சந்தித்ததில்லை. அவர் வரைந்த ஆட்களோடு ஒரு மதியம் முழுக்க இருந்திருக்கிறேன், அதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

2022-23 குளிர்காலம், லண்டனில் டேட் பிரிட்டன் கலைக்கூடம். 'ஃப்ளை இன் லீக் வித் த நைட்' என்ற அவருடைய பெரிய ஓவியக் காட்சி. 2020 டிசம்பரில் அங்கேதான் முதலில் திறந்தார்கள். கொரோனாவால் அப்போது சரியாக நடக்கவில்லை. பிறகு ஸ்டாக்ஹோம், டுசெல்டார்ஃப், லக்சம்பர்க் என்று போய்விட்டுத் திரும்ப டேட்டுக்கே வந்திருந்தது. கிட்டத்தட்ட இருபது வருட உழைப்பு அந்த அறைகளில் இருந்தது.

உள்ளே போனால் சுவரெல்லாம் மனிதர்கள். சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள், நடனமாடுபவர்கள், எங்கோ பார்த்துச் சிரிப்பவர்கள், எல்லோரும் கறுப்பின மக்கள். ஒருவர் தோளில் பூனையோடு நின்றுகொண்டு நம்மையே பார்க்கிறார் (2017இல் வரைந்தது). எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இவர் அப்படியே எங்க சித்தப்பா மாதிரி இருக்கார்" என்று கூட வந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் இவர்கள் என்று காவலுக்கு நின்ற ஊழியரிடம் கேட்டேன். நாள் முழுக்க எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

யாரும் இல்லை என்பதுதான் பதில். யாரையும் எதிரில் உட்காரவைத்து அவர் வரைவதில்லை. சேர்த்து வைத்த படங்கள், நினைவு, கற்பனை எல்லாவற்றிலிருந்தும் ஒரு ஆளை உருவாக்குகிறார். பெரும்பாலான படங்களில் காலில் செருப்போ ஷூவோ கிடையாது. காலணியைப் பார்த்தால் எந்தக் காலம் என்று தெரிந்துவிடும், அதனால் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார். பின்னணியிலும் ஊரையோ வருடத்தையோ காட்டிக்கொடுக்கும் பொருள் அனேகமாக எதுவும் இருக்காது. அப்படியும் தோளில் பூனையோடு நிற்கும் அந்த மனிதருக்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு கோபம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நான் அதிக நேரம் நின்றது வண்ணத்துக்காகத்தான். இருட்டான பின்னணி, அதன்மேல் அடர்பழுப்புத் தோல். இப்படி வரைந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மறைந்துபோக வேண்டும், ஆனால் போகவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பழுப்புக்கு அடியில் பச்சை, நீலம், செம்மண் நிறம் எல்லாம் தெரிகிறது. கண்ணின் வெள்ளையும் சட்டைக் காலரும் ஒரே தடித்த இழுப்பு, அவ்வளவுதான். நாலடி பின்னால் வந்தால் முகம் கூடிவிடுகிறது. பல படங்களை ஒரே நாளில் முடித்திருக்கிறார். எண்ணெய் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த தீற்றலும் விழுந்தால்தான் இரண்டும் குழைந்து சேரும். காய்ந்தபின் தொட்டால் அந்த ஓட்டம் வராது. சற்றுத் தள்ளி நின்று ஒரு கையை மட்டும் பார்த்தாலே அந்த வேகம் தெரியும்.

அவரைப் பற்றிய கட்டுரைகள் பலவும் தோல் நிறத்தில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுப்பாக இருப்பது தனக்கு ஒருபோதும் அந்நியமான விஷயமாக இருந்ததில்லை, அதனால் அதை விளக்க வேண்டிய தேவையும் இல்லை என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் தட்டு ஏந்தி ஓரமாக நிற்பார்கள். இவர் அவர்களை வீரர்களாகவோ துயரப்படுபவர்களாகவோ காட்டாமல், சும்மா உட்கார்ந்து யோசிக்க விடுகிறார். எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1977இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். கார்ன்வாலில் ஃபால்மத் கலைக் கல்லூரி, பிறகு ராயல் அகாடமி பள்ளி, 2003இல் படிப்பு முடிந்தது. பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசின் 2013 இறுதிப் பட்டியலில் இருந்தார், பரிசு பிரெஞ்சுக் கலைஞர் லோர் ப்ரூவோவுக்குப் போனது. 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னகி கலைப் பரிசு. கவிதையும் கதையும்கூட எழுதுகிறார். படங்களின் தலைப்புகளைப் படித்தாலே அது தெரியும். கடற்கரையில் இரண்டு சிறுமிகள் நிற்கும் 2011 படத்துக்கு 'கான்டர் அண்ட் த மோல்' (கான்டர் என்ற பெரிய கழுகும் துன்னெலியும்) என்று பெயர். படத்தில் கழுகும் இல்லை, துன்னெலியும் இல்லை!

டேட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று: 'த ஜெனரோசிட்டி' என்ற படம் டேட்டின் சேகரிப்பில் இருக்கிறது. ஆனால் எப்போதும் சுவரில் மாட்டியிருக்க மாட்டார்கள், கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், 2019இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் கானா முதன்முதலாகத் தனி அரங்கு அமைத்தபோது இவருடைய படங்களும் இருந்தன. கானாவிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் பூசிய வளைந்த சுவர்கள், கட்டிடக் கலைஞர் டேவிட் அட்ஜாயே வடிவமைத்தது. அந்தச் செம்மண் சுவரில் இந்தப் பழுப்பு எப்படித் தெரிந்தது என்று அங்கே போனவர்கள் யாராவது கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?