புதுச் சென்சர் போட்டும் மெஷினில் எச்சரிக்கை லைட் அணையவில்லையா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

செங்கலடி வயர்க்காரன்

வெல்லாவெளிப் பக்கம் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த 20 டொன் பெக்கோ. பக்கெற்றைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டால் போதும், எஞ்சின் இழுவை விழுந்துவிடும், திரையில் சிவப்பு லைட்டும் ஒரு கோட்டும், அதாவது பிழை எண்ணும், வரும். சாவியை மூடித் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே மெஷின் சொந்தக்காரர் கொழும்பிலிருந்து ஒயில் பிரஷர் சென்சர் எடுப்பித்து மாற்றிவிட்டார். மறுநாளும் அதே கோட், கூடவே இன்னொன்று. "தம்பி, அனுப்பின சாமானே பழுதுபோல" என்றார். இரண்டாவது கோட்டுக்கும் ஒரு சென்சர் ஓடர் பண்ணியாயிற்று.

வந்திருந்தவை எஸ்பிஎன் 100, எஸ்பிஎன் 157. எஸ்பிஎன் என்பது எந்தப் பகுதி என்று சொல்லும் எண். முதலாவது ஒயில் பிரஷர், மற்றது ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்ரர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயின் அழுத்தம். எல்லோரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பின்னால் நிற்கும், என்ன மாதிரிப் பழுது என்று சொல்லும் எஃப்எம்ஐ எண்தான் முக்கியம். இரண்டிலும் 4 நின்றது. சிக்னல் வோல்ற் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே விழுந்துவிட்டது, அல்லது எங்கோ எர்த்தில் முட்டுகிறது என்று அர்த்தம். 3 என்றால் வோல்ற் மேலே போய்விட்டது. 5 என்றால் கரண்ட் போகவில்லை, வயர் அறுந்திருக்கலாம். ஒயில் பிரஷர் உண்மையாகவே விழுந்திருந்தால் 100க்குப் பின்னால் எஃப்எம்ஐ 1 வந்திருக்க வேண்டும். ஆக ஒயிலில் குறையில்லை. அதோடு இரண்டு கோட்டும், எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் மீற்றரில் ஒரே எண்ணில் பதிவாகியிருந்தன. இரண்டு சென்சரும் சொல்லிவைத்து ஒரே நேரத்தில் சாகுமா?

மெஷின் 24 வோல்ற் என்றாலும் இந்தச் சென்சர்களுக்கு ஈசிஎம் (எஞ்சினை நடத்தும் கம்பியூட்டர் பெட்டி) கொடுப்பது 5 வோல்ற். திரும்பி வரும் சிக்னல் சாதாரணமாக 0.5க்கும் 4.5க்கும் இடையில் நிற்கும். ஒரே 5 வோல்ற் வயரில் பல சென்சர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த வயர் ஓரிடத்தில் எர்த்தில் முட்டினால் எல்லாம் சேர்ந்து கண்ணை மூடும்.

சாவியை மட்டும் திறந்து அந்த 5 வோல்ற் வயரை மீற்றரால் பார்த்தேன், 4.98. சொந்தக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மீற்றரை அப்படியே விட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஒப்பரேட்டரிடம் பக்கெற்றை ஓங்கிப் போடச் சொன்னேன். 1 வோல்ற்றுக்கும் கீழே போய்த் திரும்பி வந்தது. எஞ்சினை நிறுத்தி, அந்த லைனில் உள்ள சென்சர் சொக்கெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சாவியைத் திறந்து ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, கையால் குலுக்கினேன். அப்போதும் விழுந்தது. சென்சர் ஒன்றுமே மாட்டாமல் விழுந்தால் குற்றம் வயரில்தான். ஏதாவது ஒரு சென்சரைக் கழற்றியதும் வோல்ற் திரும்பியிருந்தால் அந்தச் சென்சரைப் பிடித்திருப்பேன்.

இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம். டீசல் பில்டருக்குப் பின்னால் ஹார்னஸைப் பிடிக்கும் கிளிப் இல்லை. முன்பு யாரோ வேலை செய்தவர் கழற்றிவிட்டு பிளாஸ்ரிக் டையால் கட்டியிருக்கிறார். வயர் பிராக்கெற்றில் உரசி உரசி ஒரு நெல்மணி அளவு செம்பு வெளியே தெரிந்தது. சுற்றிக் கட்டி, புதுக் கிளிப் போட்டேன். சாமான் செலவு ஒரு பிளேன்ரீக் காசுகூட வராது. இரண்டு மணித்தியாலக் கூலி கேட்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

ஒலுவில் லோடர்

அண்ணன், எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. லைட்டே வரவில்லை.

கடலரிப்புக்குக் கல் போடும் இடத்தில் லோடர் ஓட்டினேன். வெப்ப முள் எந்நேரமும் நடுவுக்குக் கீழேதான், எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சந்தோசம். ஒரு நாள் ரேடியேற்றர் கொதித்து ஆவி அடித்தது. அப்போதும் முள் அசையவில்லை.

எங்கள் காக்கா ஒருவர் மெக்கானிக். சென்சரைக் கழற்றி வீட்டிலிருந்து வந்த பிளாஸ்க் சுடுதண்ணீரிலேயே போட்டுப் பார்த்தார். குளிர்ந்த நிலையில் 2 கிலோ ஓமுக்கு மேல் காட்டியது, சுடுதண்ணீரில் சில நூறு ஓமுக்கு இறங்கியது. சென்சர் நல்ல பிள்ளை. சொக்கெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு. இந்தச் சென்சர் சூடு ஏற ஏற ஓம் குறையும். களிம்பு தன் பங்குக்கு ஓமைக் கூட்டுகிறது. ஓம் கூடினால் ஈசிஎம் "இன்னும் குளிர்தான்" என்று நினைத்துக்கொள்ளும். அடியோடு அறுந்திருந்தால் எஸ்பிஎன் 110 (எஞ்சின் தண்ணீர்ச் சூடு), எஃப்எம்ஐ 3 என்று கோட் வந்து காப்பாற்றியிருக்கும். பாதி அறுந்ததுதான் ஆளைக் கவிழ்க்கும்.

களிம்பு வந்த வழியையும் காக்கா காட்டினார். சொக்கெட்டுக்குப் பின்னால் வயர் தோலில் ஊசி குத்தின ஓட்டை. முந்தி யாரோ வோல்ற் பார்க்கக் குத்தியிருக்கிறார். உப்புக் காற்று அதற்குள்ளால் செம்பு வழியே அந்த உலோகப் பின்வரை போயிருக்கிறது. கடற்கரையில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து வயரில் குத்தாதீர்கள், சொக்கெட்டின் பின்பக்கத்தால் மெல்லிய பின் விட்டுப் பாருங்கள்.

கல்குடா ஒப்பரேட்டர்

மெக்கானிக்மார் வந்ததும் லப்டொப்பைத்தான் கேட்கிறீர்கள், ஓட்டினவனைக் கேட்பதில்லை. கல் குவாரியில் என் பெக்கோவின் திரை காலையில் செத்துக் கிடந்தது. வந்தவர் திரையையே மாற்ற வேண்டும் என்றார். முதல் நாள் மாலை பக்கெற் பல்லுக்கு வெல்டிங் அடித்தார்கள், பற்றரி வயர் கழற்றவில்லை, எர்த் கிளம்பைத் தூரத்தில் செயினில் கவ்வியிருந்தார்கள்; வெல்டிங் கரண்ட் மெஷின் வயர் வழியே பாய அதுவே போதும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் தந்தாலல்லவா? நல்லகாலம், பியூசும் ஒரு எர்த் வயரும்தான் போயிருந்தன.

சம்மாந்துறை ரோலர்

எங்களுக்கு எதிரி எலி. அறுவடை முடிந்த வயலோரம் ரோலரை மூன்று வாரம் நிறுத்தியிருந்தோம். ஸ்டார்ட் பண்ணினால் திரையில் "தொடர்பு இல்லை" என்ற மாதிரிக் கோட் பத்துப் பன்னிரண்டு. பற்றரியைக் கழற்றி, லப்டொப் மாட்டும் டயக்னோஸ்ரிக் சொக்கெட்டில் கேன் லைனின், அதாவது மெஷினின் கம்பியூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் லைனின், இரண்டு வயருக்கும் இடையே ஓம் பார்த்தோம். 60 வரவேண்டும், வந்தது 120. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் 60. ஆகவே ஒரு முனைக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது. சீற்றுக்கு அடியில் கூடு, குட்டிகள், கடித்த வயர்த் துண்டுகள். இரண்டு வயரும் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் முறுக்கை விடாமல் இணைத்தோம்.

வெல்லாவெளிப் பக்கத்துப் படுவான்கரைக்காரருக்கு யானைக்குக் காவல் போடவேண்டும், எங்களுக்கு எலிக்கு.

ஒரு கேள்வி: டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கலாமா?

செங்கலடி வயர்க்காரன்

பற்றரி லைன், பியூஸ், ரிலே இவற்றுக்குச் சரி. சென்சர் வயரில் வேண்டாம் நானா, பல்ப் இழுக்கும் கரண்டை அந்த 5 வோல்ற் தாங்காது, ஈசிஎம்முக்கும் கேடு. மீற்றர் போதும்.

அப்புறம், அந்த ரெயில் பிரஷர் சென்சர் வந்துவிட்டது. பெட்டி உடைக்கவில்லை, கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம். அதே மொடல் பெக்கோ வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வெல்லாவெளிக்காரர் விலை குறைத்துத் தருவார். முதலில் வயரைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.