180 வோல்ட்டில் ரைஸ் குக்கர்: எந்தக் கணக்கு சரி?

வணக்கம், யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ரைஸ் குக்கரின் அடியில் 230 வோல்ட், 700 வாட் என்று போட்டிருக்கிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 700-ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 75.6 ஓம், அது சரி. நேற்று சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி 180-தான் இருந்தது, கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) 2.4 ஆம்பியர் காட்டியது, பெருக்கினால் வெறும் 432 வாட், சோறு வேகிற வழியைக் காணோம், பிள்ளைகள் அதற்குள் மொஹிங்கா (இங்கத்து மீன் நூடுல்ஸ் சூப்) வாங்கிவந்து சாப்பிட்டே முடித்துவிட்டார்கள். 180-ஐ 2.4-ஆல் வகுத்தாலும் 75 ஓம்தான், ஆகக் குக்கரில் பழுதில்லை.

அப்புறம், இதையே 12 வோல்ட் பேட்டரி இன்வெர்ட்டரில் போட்டால் 700-ஐ எடுப்பதா, 432-ஐ எடுப்பதா? 700 என்றால் பேட்டரி வயரில் 58 ஆம்பியருக்கு மேல் ஓடுமே! என் வயர் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. எத்தனை சதுர மில்லிமீட்டர் வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.