பால் மறக்கடிச்ச பன்னிக்குட்டிங்க கழியுது, அவசரம்

மேட்டுக்காடு: வணக்கங்க. தாயை விட்டுப் பிரிச்ச குட்டிங்க எல்லாம் தண்ணியாட்டம் கழியுது. ரெண்டு போயிருச்சு. மருந்துக்கடையில ஒரு பொடி குடுத்தாங்க, நிக்கல. என்ன ஊசி போடலாம்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

வெண்பன்றி வேலு: குட்டிக்கு எத்தனை நாளு? பிரிச்சு எத்தனை நாளாச்சு? கழிச்சல் என்ன நிறம், ரத்தம் கலந்து வருதா? என்ன தீவனம்? அந்தப் பொடி பேராவது போடுங்க.

செங்காந்தள்: பூச்சிதாங்க. வேற ஒண்ணுமில்ல. குடற்புழு மருந்து ஊத்துங்க, எங்க பண்ணையில அதுலதான் நின்னுச்சு.

பண்ணை நாட்டாமை: மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றார். வயசு சொல்ல மாட்டார், எடை சொல்ல மாட்டார், ஊசி பேர் மட்டும் உடனே வேணும். குட்டி வாங்குறதுக்கு முன்னாடி காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் போய் பயிற்சி எடுங்கய்யான்னு இங்கேயே எழுதியிருக்கேன். யார் படிக்கிறா?

மேட்டுக்காடு: யார்க்ஷயர் ஜாதிங்க. 28 நாள்ல பிரிச்சேன், இன்னைக்கு 5ஆவது நாள். மூணு ஈத்துக் குட்டியும் ஒரே கொட்டில்ல. மஞ்சத் தண்ணி, ரத்தம் இல்ல. தீவனமெல்லாம் நல்லாத்தான் போடறேன்.

வெண்பன்றி வேலு: நல்லாத்தான்னா என்னங்க? சோயா எவ்வளவு?

கால்நடை மாணவி: பூச்சி இல்லைன்னு நினைக்கிறேன் செங்காந்தள் அண்ணா. பிரிச்ச முதல் வாரத்துல இப்படிக் கழிஞ்சா முதல் சந்தேகம் ஈ.கோலைங்கிற குடல் கிருமி மேலதான். குட்டிக்கு இந்த வயசுல இரைப்பை அமிலம் சொந்தமா அதிகம் சுரக்காது. பால் சர்க்கரை வயித்துல புளிச்சு வர்ற லாக்டிக் அமிலம்தான் அதுவரைக்கும் காப்பாத்துது. பால் நின்னா அதுவும் போச்சு, பால்ல வர்ற எதிர்ப்புப் புரதமும் போச்சு. அதே நாள்ல கொட்டில் புதுசு, கூட இருக்கிற குட்டி புதுசு, தீவனம் புதுசு. சண்டை போட்டுப் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினியிலயே சிறுகுடல் உறிஞ்சிகள் குட்டையாயிடும். அப்புறம் பசியில ஒரேடியா தின்னும். அந்தக் குடலுக்கு அது செரிக்காது, செரிக்காத புரதத்துல கிருமி பெருகும்.

இப்போதைக்கு: தீவனத்தைப் பாதிக்கு மேல குறைங்க, கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு அஞ்சாறு தடவை வையுங்க. ஓ.ஆர்.எஸ். தண்ணி எப்பவும் இருக்கணும். ராத்திரி தரை ஈரமில்லாம வைக்கோல் போட்டு, பல்பு கட்டுங்க. இந்த வயசுக்கு 28 டிகிரி சூடாவது வேணும். ஊசி எதுன்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

பண்ணை நாட்டாமை: பாடம் நல்லா ஒப்பிக்கிறம்மா. நாங்க 56 நாள் பால் குடிக்க விட்டோம், கழிச்சலே பார்த்ததில்ல. 28 நாள் கணக்கு ஏசி கொட்டில்காரனுக்கு.

வெண்பன்றி வேலு: 56 நாள் விட்டா வருசத்துக்கு ரெண்டு ஈத்து கிடைக்கிறதே இழுபறி, நாட்டாமை. 42 நாள்னு வைங்க, ஒத்துக்கறேன்.

கொலுசுமணி: துத்தநாக ஆக்சைடு தீவனத்துல கலந்தா நிக்கும். டன்னுக்கு 3 கிலோ, ரெண்டு வாரம் மட்டும். கொலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாட்டிக், அதுவும் கேக்கும்.

கால்நடை மாணவி: கொலிஸ்டின் கால்நடைக்குக் குடுக்க 2019லயே நம்ம நாட்டுல தடை. துத்தநாகத்தை அந்த அளவுல போடுறதை ஐரோப்பாவுல 2022ல நிறுத்திட்டாங்க, சாணத்தோட மண்ணுல சேருதுன்னு. டாக்டரைக் கேக்காம கலக்க வேண்டாம்.

மேட்டுக்காடு: எடை ஏறட்டும்னு சோயா புண்ணாக்கு கூட்டிப் போட்டேன். ஓட்டல் சோறும் கொஞ்சம். இப்ப ஒண்ணுக்கு கண்ணு இமை வீங்கி தள்ளாடுது

செங்காந்தள்: ஓட்டல் சோத்துல உப்பு ஜாஸ்தி. உப்பு விஷம்!

பண்ணை நாட்டாமை: உப்புக்கு இமை வீங்காது. அது எடிமாங்கிற நீர் வீக்க நோய், அதே ஈ.கோலை வகையறா விடுற நஞ்சு. நல்லாக் கொழுத்த குட்டியைத்தான் முதல்ல புடிக்கும். டாக்டரை இன்னைக்கே கூப்பிடுங்க. செத்தா புதைக்காதீங்க, பரிசோதனைக்குக் கொண்டு போங்க.

கொலுசுமணி: ஓட்டல் கழிவை விட்டுட்டு பன்னி வளத்தா லாபம் எங்க இருக்கு?

வெண்பன்றி வேலு: பெரிய பன்னிக்கு, நல்லாக் கொதிக்க வெச்சுப் போடுங்க. 2020ல அசாம்ல ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தப்ப பண்ணை பண்ணையா காலியாச்சு. பச்சைக் கழிவுல கிடக்கிற பன்னிக்கறித் துண்டுலயே அது வரும்.

கொலுசுமணி: அசாமையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. விறகு விலை தெரியுமா உங்களுக்கு?

வெண்பன்றி வேலு: தெரியும். குட்டி விலையும் தெரியும்.

பண்ணை நாட்டாமை: மேட்டுக்காட்டுக்காரர் எங்க போனார்? நாம பாட்டுக்குப் பேசிட்டிருக்கோம்.

மேட்டுக்காடு: டாக்டர் வந்து ஊசி போட்டார். இமை வீங்கினது தங்கல. மத்ததுக்கு கழிச்சல் கெட்டியாகுது, சோயா குறைச்சாச்சு. நன்றிங்க எல்லாருக்கும்.

கால்நடை மாணவி: பரிசோதனைக்குக் குடுத்தீங்களா அண்ணா? அடுத்த ஈத்துக்குத் தாயை மட்டும் வெளியேத்துங்க, குட்டிங்க ஒரு வாரம் அதே கொட்டில்லயே இருக்கட்டும். ரெண்டாம் வாரத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா குட்டித் தீவனம் பழக்குங்க.

புதுவரவு_பண்ணை: எனக்கும் இதே பிரச்சனை, 10 நாள் குட்டி, இன்னும் தாய்கிட்டதான் குடிக்குது. இதே மருந்து போடலாமா?

பண்ணை நாட்டாமை: 10 நாள்னா காக்சிடியாங்கிற குடல் ஒட்டுண்ணியா இருக்கலாம், வேற மருந்து. தனிக் கேள்வியா போடுங்க. வயசு, எடை, நிறம் எழுதிட்டுப் போடுங்க.