அதிகாலை அந்தமான் விமானம்: முந்தைய இரவு எங்கே தங்கலாம்?

மே விடுமுறைக்கு அந்தமான் போகிறோம். சென்னையிலிருந்து விமானம் காலை 5:15-க்கு. அவ்வளவு சீக்கிரம் மெட்ரோ ஓடாது. கும்பகோணம் பேருந்தில் வந்து இரவு 9 மணிபோல் கிளாம்பாக்கத்தில் இறங்குவோம். ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு முழுநாள் வாடகையா என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, விமான நிலைய நாற்காலி சரிப்படாது.

மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் லிஃப்ட் உள்ள, சுத்தமான ஓட்டல் ஏதாவது தெரியுமா? திரிசூலம் ஸ்டேஷன் அருகே தங்கினால் சுரங்கப்பாதையில் நடந்தே போய்விடலாம் என்கிறார் மச்சான். பெட்டி தூக்கப்போவது அவர் இல்லையே! அப்புறம், சில ஓட்டல்களில் இலவச வண்டி உண்டு என்று போட்டிருக்கிறார்கள். அதிகாலை 3 மணிக்கும் அனுப்புவார்களா, இல்லை இரவே கால் டாக்சி சொல்லி வைக்கவேண்டுமா? சமீபத்தில் தங்கியவர்கள் வாடகையோடு சொன்னால் நல்லது.